கம்பியில் விழுந்த முடிச்சு

அன்புள்ள அண்ணிக்கு,

இன்று தலவாக்கலை பசாரில் கருவாட்டுக் கடைக்காரர் புது மூட்டை ஒன்றைப் பிரித்தார். சாக்கின் வாயை அவிழ்த்ததும் கருவாட்டுக்கு முன்னால் மணல்தான் கொட்டியது. வெள்ளை மணல். கூடவே அந்த வாடையும் வந்தது. உப்பும், வெயிலில் காய்ந்த பாசியும், எங்கோ எதுவோ செத்துக் கிடப்பது போன்ற ஒன்றும் கலந்த வாடை. சுற்றிலும் எல்லோரும் சாரல் மழையில் நடுங்கிக்கொண்டிருக்க, எனக்கு மட்டும் வேர்த்துவிட்டது.

"என்னம்மா, நெத்தலி வேணுமா, இல்ல மோந்து பாத்துட்டுத்தான் போறீங்களா?" என்றார் கடைக்காரர்.

"மோந்து பாக்குறதுக்கும் காசு வாங்குவீங்க போல இருக்கே" என்று சொல்லிக் கொஞ்சம் வாங்கிக்கொண்டு வந்தேன். அடுப்புக்குப் பக்கத்தில் பொட்டலம் பிரிக்காமலே இருக்கிறது. உங்களிடம் பேசி முடித்த பிறகுதான் பொரிக்க வேண்டும்.

நீங்கள் போன பிறகு ஒரு மழைக்காலம் முடிந்து அடுத்ததும் வந்துவிட்டது. தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கூட்டியதோடு நின்றுவிட்டவள் நான். ஒரு பக்கம் எழுதி முடிப்பதற்குள் ஒரு மலை கொழுந்து எடுத்துவிடுவேன். நீங்கள் பார்த்தால், "ஏண்டி செல்லாயி, ஒனக்கு வாய் போதாதா, இப்ப கையும் பேசணுமா?" என்பீர்கள். பேசட்டும் அண்ணி. வாயால் சொல்ல முடியாமல் போன ஒன்று இருக்கிறது.

என் அண்ணன் மாரிமுத்து உங்களைக் கட்டிக்கொண்டு வந்த நாளில் எனக்கு மூக்கு ஒழுகுகிற வயது. அண்ணன் முதல் முடிச்சுப் போட்டான். மற்ற இரண்டு முடிச்சும் நாத்தனார் பங்கு என்று என்னைத் தூக்கி உங்கள் முதுகுக்குப் பின்னால் நிறுத்தினார்கள். இழுத்த இழுப்பில் நீங்கள் இருமினீர்கள். "கழுத்த நெரிச்சுப்புடாத புள்ள, ஒங்கண்ணனுக்கு வேற பொண்ணு கெடைக்காது" என்று மணவறையில் உட்கார்ந்தபடியே சொன்னீர்கள். கூட்டமே சிரித்தது. அன்றைக்கே தெரிந்துவிட்டது, என் வாய்க்கு ஈடு கொடுக்க ஓர் ஆள் வந்தாயிற்று என்று.

குழந்தை பிறக்கவில்லை. அதைப் பற்றி லயத்து வரிசை வீடுகளில் பேசியவர்கள் உண்டு. ஆனால் கவ்வாத்து வெட்டிய மலை திரும்பத் துளிர்த்து, முதல் கொழுந்து கிள்ளுகிற நாளில் எல்லோரும் உங்கள் வாயைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நீங்கள் "பொலியோ பொலி" என்று குரல் எடுத்த பிறகுதான் மற்றவர்கள் கை கொழுந்தைத் தொடும். அந்தக் குரல் பள்ளத்தில் இறங்கி எதிர் மலையில் முட்டித் திரும்பி வரும். வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையாகூடக் குடையைத் தாழ்த்திக்கொண்டு நிற்பார். தாலி கழுத்தில் இருக்கிற பெண் எடுக்க வேண்டிய குரல் அது.

பிறகு அந்த வேலைநிறுத்தம் வந்தது. கொழுந்து லொறியை மறித்தார்கள். கல் விழுந்தது. யார் கை எறிந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. பொலிஸ் அள்ளிக்கொண்டு போனவர்களில் நம் தோட்டத்து மாரிமுத்துகள் இரண்டு பேரும் இருந்தார்கள். ஒருவன் நம் அண்ணன். இன்னொருவர், மேல்க்கணக்கு என்று நாம் சொல்கிற மேல் பிரிவைச் சேர்ந்த மாரிமுத்து. அவர் ஒண்டிக்கட்டை. தாய் தகப்பன் கப்பலேறி இந்தியாவுக்குப் போய்விட, லயத்தில் ஒரு காம்பரா அறையில் தானே பொங்கித் தின்றுகொண்டு கிடந்தவர். இரண்டு பேருக்கும் ஒரே தண்டனை. மன்னார்ப் பக்கம் மணல்காட்டுக்குள் இருந்த ஒரு ஜெயிலுக்கு அனுப்பினார்கள்.

அது எந்தத் திசை என்றே நமக்குத் தெரியாது. "இந்தியாவுக்குக் கப்பலேறப் போற வழியிலதான்" என்றார் தோட்டத் தலைவர். "அப்ப எங்க வீட்டுக்காரரு பாதி ஊருக்குப் போயிட்டாருன்னு சொல்லுங்க" என்றீர்கள். அவருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

ஒரு மழை நாளில் அதே தலைவர் லயத்துக்கு வந்தார். தோளில் இருந்த துண்டைக் கையில் எடுத்திருந்தார். "நம்ம தோட்டத்து மாரிமுத்து ஜெயில்ல காய்ச்சல்ல தவறிட்டாராம். அங்கயே அடக்கம் பண்ணிட்டாங்களாம்." அவ்வளவுதான் செய்தி. எந்த மாரிமுத்து என்று யாரும் கேட்கவில்லை. நீங்கள் கேட்கவில்லை, நான் கேட்கவில்லை. சாவுச் செய்தி என்றால் அழுவதற்கு ஆள் இருக்கிற வீட்டுக்குத்தானே வரும்? சாவுக்குத் தப்பு அடிக்கிறவர்கள் நேராக நம் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

உடம்பு இல்லாத சாவு. அண்ணனின் வேட்டியையும் கவ்வாத்துக் கத்தியையும் பாயில் கிடத்தி அழுதோம். பதினாறாம் நாள் ஆற்றோரத்தில் உங்கள் தாலியை வாங்கினார்கள். பொட்டுத்தாலி கோயில் உண்டியலுக்குப் போனது. தண்ணீர் அந்த மஞ்சள் கயிற்றை இழுத்துக்கொண்டு போனதை நீங்கள் பார்த்த பார்வையை நான் பார்த்தேன்.

அடுத்த முறை மலை துளிர்த்தபோது வேறொருத்தி பொலி சொன்னாள். நீங்கள் வரிசையின் கடைசியில் கூடையோடு நின்றீர்கள். நல்ல காரியம் நடக்கிற வீட்டைச் சுற்றிக்கொண்டு போகப் பழகினீர்கள். பழகியும் விட்டீர்கள். அப்போதுதான் அந்த மனிதர் வந்தார்.

நீங்கள் பீலியில் குடம் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். நான் பக்கத்தில் துணி அலசிக்கொண்டிருந்தேன். கறுத்து மெலிந்த ஒருவர் வந்து, "மாரிமுத்து வூடு எதுங்க?" என்றார். அந்த ஜெயிலிலிருந்து வெளியே வந்தவராம், பொகவந்தலாவைக்குப் போகிற வழியாம். "சுகமாத்தான் இருக்காரு. தங்கச்சி செல்லாயின்னு ஒண்ணு இருக்கு, வாயாடி, அதுகிட்டச் சொல்லுன்னாரு. ஏன் ஒருத்தரும் வந்து பாக்கலன்னு கேட்டு வரச் சொன்னாரு."

குடம் நிரம்பி வழிந்தது. நீங்கள் அதை இறக்கவில்லை. அவர் முகத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டீர்கள்: "ஏ புள்ள, அப்ப நான் அறுத்தது?"

செத்தது மேல்க்கணக்கு மாரிமுத்து. அழ ஆள் இல்லாத மனிதனுக்கு நாம் ஊர் கூட்டி அழுதிருந்தோம். அன்றைக்கு லயமே உங்கள் வாசலில் நின்றது. சந்தோஷப்பட வந்தவர்கள்தான் அண்ணி. ஆனால் வந்தவர்களின் கண் உங்கள் கழுத்துக்குப் போய்த் திரும்பியது. புருசன் உயிரோடு இருக்கத் தாலியறுத்தவள் என்று ஒருத்தி வாய்விட்டே சொன்னாள். பூசாரி யோசித்துச் சொன்னார்: "சடங்கு பண்ணி வாங்கின தாலிய நீயா எடுத்துக் கட்டிக்க முடியாதும்மா. அவன் கையால கட்டணும். அவன் வர்ற வரைக்கும் இப்பிடியே இரு."

அவன் வருவதற்கு வருசங்கள் கிடந்தன.

"அவரு வர முடியாது. நாம போவோம்" என்றீர்கள். அவ்வளவு லேசாகச் சொன்னீர்கள், பக்கத்து லிந்துலைக்குப் போய் வருவதைப் போல.

ரயில் மாறி ரயில் ஏறினோம். மன்னார் ரயிலில் நம் ஆட்கள்தான் நிறைய. ட்ரங்குப் பெட்டியும் பாயும் சட்டியுமாகக் கப்பலுக்குப் போகிறவர்கள். எதிரில் உட்கார்ந்திருந்த அம்மா, "நீங்க எந்த ஊருக்குப் போறீங்க? திருச்சிப் பக்கமா?" என்று கேட்டார்.

"இல்லீங்க ஆத்தா, எங்க அண்ணிய மாமியார் வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன்" என்றேன்.

அந்த அம்மா, "நல்லபடியா பொழைக்கணும் மகளே" என்று உங்கள் தலையில் கை வைத்தார். உங்கள் வெறும் கழுத்தைப் பிறகுதான் பார்த்தார். கையை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். நீங்கள் என் தொடையில் கிள்ளினீர்கள். ஆனால் உங்கள் உதடு கொஞ்சம் கோணியது. சிரிப்பு எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

இறங்கிய இடத்தில் மலை இல்லை. திரும்பிய பக்கமெல்லாம் வானம் தரையில் வந்து ஒட்டிக்கொண்டிருந்தது. மணல் காலை வைக்க விடவில்லை. நம் மலையில் எங்கே திரும்பினாலும் தண்ணீர் கொட்டுகிறது. தண்ணீரை மூட்டை கட்டி எடுத்துப் போக வேண்டும் என்று எந்த மலைக்காரருக்குத் தோன்றும்? நாம் எடுத்துப் போனது கம்பளி. உங்கள் புருசன் குளிரில் நடுங்குவான் என்று வீட்டில் இருந்ததிலேயே தடித்த கம்பளியை நீங்கள் தலையில் சுமந்துகொண்டு வந்தீர்கள். வேர்வை அதிலிருந்து உங்கள் முகத்தில் வழிந்தது.

வழியில் கழுதைகள் நின்றன. நான் அதுவரை கழுதையைப் பார்த்ததில்லை. ஒன்று காதை ஆட்டிக்கொண்டு நம்மையே முறைத்தது. "அண்ணி, நம்ம கண்டாக்கையா எப்ப இங்க மாத்தலாகி வந்தாரு?" என்றேன். நீங்கள் மணலில் கம்பளியைப் போட்டுவிட்டு உட்கார்ந்து சிரித்தீர்கள். கருமாதிக்குப் பிறகு உங்கள் சிரிப்பை அன்றுதான் கேட்டேன். சிரித்த வாய் மூடவில்லை, உள்ளே நாக்கு வறண்டு வெள்ளையாக இருந்தது. பனையோலைக் குடிசையில் ஓர் அம்மா தண்ணீர் கொடுத்தார். உப்புக் கரித்தது. அதையும் குடித்தோம்.

முள்ளுக்கம்பியும் தென்னங்கிடுகு வேய்ந்த கொட்டில்களும் மணலும், அதுதான் ஜெயில். ஒரு மரம் இல்லை. தூரத்தில் உப்பளம் கண்ணைக் கூசவைத்தது. வாசலில் இருந்த காவலர் வயதானவர். நாம் கொண்டுபோன ரொட்டியைக் கம்பியால் குத்திப் பார்த்தார். கம்பளியை விரித்து, இங்கேயா கம்பளி என்று சிங்களத்தில் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். உங்கள் கொண்டையை அவர் பார்க்கவில்லை. அதற்குள்தான் மஞ்சள் தடவிய கயிறும் அதில் கோத்த விரலி மஞ்சளும் இருந்தன.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் ஓர் ஆளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். யாரோ என்று நினைத்து நான் அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன் அண்ணி. அண்ணன்தான். மீசை இல்லை. உதடு வெடித்திருந்தது. உப்பு அரித்த கால்களைத் துணியால் சுற்றியிருந்தான். பனியிலேயே பிறந்து வளர்ந்த உடம்பைக் கருவாடாகக் காயவைத்திருந்தார்கள்.

அவன் உங்களைப் பார்த்தான். முகத்தை அல்ல. "என்னடி கழுத்து?"

வாயாடி என்று பெயர் வாங்கியவள் நான்தானே, நான் சொன்னேன்: "நீ செத்துட்டண்ணே. பதினாறெல்லாம் முடிஞ்சுது. பண்டாரம் மூணு தடவ சோறு வாங்கித் தின்னான்."

அவன் சிரிக்கத் தொடங்கினான். பாதியில் நிறுத்திக்கொண்டான். வலையில் நெற்றியை வைத்தான். "மேல்க்கணக்கு மாரிமுத்து" என்றான். "நாந்தான் மண்ணு போட்டேன். எம்பேரச் சொல்லி நானே மண்ணு போட்ட மாதிரி இருந்துச்சு. அவனுக்கு ஆள் இல்லையேன்னு நெனச்சேன். நீங்க அழுதீங்களா?"

"தோட்டமே அழுதுச்சு" என்றேன்.

"நல்லா அழுதீங்களா?"

"நீ செத்தா அழுவுற மாதிரிதான் அழுதோம்."

நீங்கள் கொண்டையிலிருந்து கயிற்றை எடுத்தீர்கள். அதைப் பார்த்ததும் அவன் ஓரடி பின்னால் போனான். "வேணாம். வேணாம் புள்ள. இங்க இன்னைக்கு நிக்கறவன் நாளைக்கு இல்ல. இப்ப நான் கட்டுவேன், அப்புறம் நெசமாவே சேதி வரும். மறுபடி ஆத்தங்கரைக்கு ஒன்னயக் கூட்டிக்கிட்டுப் போவாங்க. ஒரு தடவ பட்டது போதும்."

எனக்கு அவன் சொன்னது சரி என்றுதான் பட்டது அண்ணி. வெளியே சொல்லவில்லை. நீங்கள் வலைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றீர்கள். எங்கள் இருவரையும் பார்க்காமல், எதிரே இருந்த மணலைப் பார்த்துச் சொன்னீர்கள்:

"மறுபடி அறுக்கறதா வேணாமாங்கறத நான் பாத்துக்கறேன். நீங்க கட்டுங்க."

கயிற்றைக் கழுத்தைச் சுற்றிக் கொண்டுபோய், கையைப் பின்னால் வளைத்து, இரண்டு முனைகளையும் வலைக்குள் தடவித் தடவி நுழைத்தீர்கள். அண்ணனின் வெடித்த விரலில் கயிறு ஒட்டியது. மேளம் இல்லை, அட்சதை இல்லை. பக்கத்தில் யாரோ ஒரு கைதியின் தாய் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். முடிச்சு விழுந்தது. "ஆச்சு" என்றான்.

நீங்கள் முன்னால் ஓர் அடி வைத்தீர்கள். வர முடியவில்லை. பார்க்காமல் நுழைத்ததில் ஒரு முனை வலையின் ஒரு கண்ணிலும் மறு முனை அடுத்த கண்ணிலும் போய், நடுவில் கம்பியையும் சேர்த்து முடிச்சு விழுந்துவிட்டது. ஜெயில் வேலியில் ஆட்டைக் கட்டினாற்போல நின்றீர்கள். "ஐயோ அண்ணே, புடிச்சுக் கட்டச் சொன்னா வேலியிலயே கட்டிட்டியே" என்று நான் சொன்னேன். நீங்கள் திமிறினீர்கள். கயிறு கழுத்தில் இறுகியது. கண் மேலே செருகியது.

காவலர் பார்த்துவிட்டார். கழுத்தில் கயிறு, வேலியில் ஒரு பெண். அவருக்கு வேறென்ன தோன்றும்? கத்திக்கொண்டு ஓடிவந்தார். இடுப்பிலிருந்த சின்னக் கத்தியை எடுத்து, நான் கையை நீட்டித் தடுப்பதற்குள், உங்கள் காதோரமாகக் கயிற்றை அறுத்துவிட்டார்.

இரண்டாவது தடவையும் அறுந்துவிட்டது அண்ணி. அந்த நேரத்தில் அண்ணன் போட்ட சத்தம் மனிதர் போடுகிற சத்தம் இல்லை. வலையைப் பிடித்து உலுக்கினான். நீங்கள் விரலி மஞ்சளை மட்டும் நெஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். காவலர் உங்கள் கையைப் பார்த்தார். மஞ்சளைப் பார்த்தார். "தாலித?" என்று சிங்களத்தில் கேட்டார். நான் தலையாட்டினேன். அவர் முகத்திலிருந்து இரத்தம் இறங்கிவிட்டது. "அனே, நான் தொங்குறதுன்னு நினைச்சது" என்றார் தெரிந்த தமிழில்.

கயிற்றை மெல்ல இழுத்தேன். கம்பியைச் சுற்றிக்கொண்டு வழுக்கி வந்தது. அதில் அண்ணன் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது.

"அண்ணி, இங்க பாருங்க. எங்கண்ணன் போட்டது அவுழல. அறுந்தது வேற எடம்" என்றேன். "முதல் முடிச்சு புருசன் போடணும், போட்டுட்டான். மிச்ச ரெண்டு யாருது? நாத்தனாருது. அறுந்த எடத்துல நான் போடுறேன். அன்னைக்கும் நாந்தான போட்டேன்?"

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் விளையாடுகிறேனா என்று பார்த்தீர்கள். அன்றைக்கு நான் விளையாடவில்லை. காவலர் அந்தப் பக்கம் திரும்பி நின்று தூரத்துக் கழுதைகளை மேற்பார்வை பார்த்தார். அறுந்த முனைகளைச் சேர்த்து இரண்டு முடிச்சுப் போட்டேன். அண்ணன் வலைக்கு அந்தப் பக்கம் இருந்து, "நெரிச்சுப்புடாத புள்ள" என்றான். அழுதுகொண்டேதான் சொன்னான்.

நேரம் முடிந்தது என்று மணி அடித்தார்கள். போகும்போது அண்ணன் திரும்பிச் சொன்னான்: "இனிமே எவனாவது வந்து நான் செத்துட்டேன்னு சொன்னா நம்பாத. நானே வந்து சொன்னாத்தான்." நம் வீட்டுக் கேலிதான். ஆனால் நீங்கள் கேலிக்குத் தலையாட்டுகிற மாதிரி ஆட்டவில்லை.

தோட்டத்துக்கு வந்ததும் வாய்கள் சும்மா இருக்கவில்லை. "கம்பி வேலியில கட்டின தாலி" என்று ஒருத்தி பீலியடியில் சொன்னாள். "ஆமா, ஒனக்குக் கட்டினவன் வேலியத் தாண்டிப் போயிட்டு வர்றான்னு கேள்விப்பட்டேன், எனக்கு அந்தப் பயம் இல்ல" என்றீர்கள். அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டினாள். அடுத்த முறை மலை துளிர்த்தபோது பூசாரியே உங்களை முன்னால் வரச் சொன்னார். நீங்கள் பொலி எடுத்தீர்கள். குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. எதிர் மலை முழுசாகத்தான் திருப்பித் தந்தது.

அடுத்த வருசத்து வெயில் காலத்தில் தலைவர் திரும்ப வந்தார். கையில் துண்டு. நீங்கள் ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டிருந்தீர்கள். அவர் வாயைத் திறக்கும் முன்பே, "போன தடவையும் நீங்கதான் வந்தீங்க" என்றீர்கள்.

"இந்தத் தடவ நெசம்மா. நல்லா விசாரிச்சுக்கிட்டுத்தான் வந்தேன்."

"அவரு வந்து சொல்லல" என்று சொல்லிவிட்டு மாவை உருட்டினீர்கள்.

என் வீட்டுக்காரர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அதே காவலர்தான் கூட்டிப் போய்க் காட்டினாராம். இரண்டு மாரிமுத்துக்கும் பக்கத்துப் பக்கத்தில் குழி. ஆனால் காற்று மேட்டை அள்ளி வேறு இடத்தில் போட்டுவிட்டதால் எது யாருடையது என்று அவருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லையாம். என் வீட்டுக்காரர் உங்கள் முன்னால்தான் இதைச் சொன்னார். நீங்கள் கேட்டுக்கொண்டுதான் இருந்தீர்கள். உங்களுக்குத் தெரியாது என்று இந்த லயத்தில் யாரும் சொல்ல முடியாது.

பெரியவர்கள் கூடினார்கள். பதினாறாம் நாளைப் பற்றிப் பேச்சு வந்தது. ஆற்றங்கரை என்ற சொல்லை மட்டும் யாரும் சொல்லவில்லை. நீங்கள் உள்ளே இருந்து வெளியே வந்தீர்கள்.

"அவருக்குச் செய்ய வேண்டியத எல்லாம் ஒரு தடவ நல்லபடியா செஞ்சாச்சு. பேரச் சொல்லி, ஊரக் கூட்டி, என் தாலியவும் வாங்கி. ஒரு ஆளுக்கு எத்தன தடவ கருமாதி பண்ணுவீங்க? செய்யணும்னா மேல்க்கணக்கு மாரிமுத்துக்குச் செய்ங்க. அந்தப் பாவிக்குத்தான் ஒருத்தரும் செய்யல. செலவு என்னோடது. சோறு நானே ஆக்குறேன்."

பூசாரி என்னைப் பார்த்தார். கூடப் பிறந்தவள் நான். இந்தச் சடங்கு என் அண்ணன் பேரில் நடக்க வேண்டும் என்று நான் ஒரு சொல் சொன்னால் போதும், உங்கள் பேச்சு எடுபடாது. நீங்களும் என்னைப் பார்த்தீர்கள். கெஞ்சவில்லை. மணலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றீர்களே, அப்படி நின்றீர்கள்.

"அண்ணி சொல்றது சரிதாங்க. அந்த மனுசன் பாவம்" என்றேன்.

அப்படித்தான் அண்ணன் செத்ததற்கு மேல்க்கணக்கு மாரிமுத்துவின் பேரில் கருமாதி நடந்தது. மேல்க்கணக்கு மாரிமுத்து செத்ததற்கு அண்ணன் பேரில் ஏற்கெனவே நடந்திருந்தது. கணக்கு நேர்தான். நீங்கள் நெற்றி நிறையக் குங்குமத்தோடு, கழுத்தில் ஒட்டுப்போட்ட கயிற்றோடு, எல்லோருக்கும் இலை போட்டுப் பரிமாறினீர்கள். கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை.

எனக்கு வந்தது அண்ணி. ஆனால் முன்பின் பேசாத ஒண்டிக்கட்டைக்காக நான் தலைவிரித்து அழுதால் அது யாருக்கு என்று ஊருக்குத் தெரிந்துவிடுமே. நீங்கள் கட்டி நிறுத்தியது எல்லாம் விழுந்துவிடுமே. அதனால் பண்டாரத்தைக் கேலி பண்ணினேன். "ரெண்டு மாரிமுத்து புண்ணியத்துல ஒன் தொப்பை எப்பிடி வளந்திருக்கு பாரு" என்றேன். தலைவரின் துண்டைக் கேலி பண்ணினேன். நாள் முழுக்க என் வாய் ஓயவில்லை. அன்றைக்கு இந்தத் தோட்டம் சிரித்த சிரிப்பை இன்றும் சொல்கிறார்கள். நீங்கள் ஒரு தடவை, ரசம் ஊற்றிக்கொண்டு போகும்போது, போகிற போக்கில் என் தோளை அழுத்திவிட்டுப் போனீர்கள். அதோடு சரி. அதைப் பற்றி நாம் அதற்குப் பிறகு பேசவே இல்லை.

எத்தனையோ வருசம் அந்தக் கயிறு உங்கள் கழுத்தில் இருந்தது. நூல் இற்றால் புதுக்கயிற்றைப் பழைய முடிச்சோடு முறுக்கிச் சேர்த்துக்கொண்டீர்கள். நீங்கள் இருமிக்கொண்டே படுத்து, பிறகு இருமாமல் ஆனபோது, குளிப்பாட்ட வந்த பெண்கள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்கள். "செல்லாயி, இத என்ன பண்ணுறது? இவங்க புருசன் போயி எவ்வளவு காலமாச்சு, ஊருக்கே தெரியுமே."

"முடிச்சுப் போட்டவ நான். அவுக்கறதா இருந்தா நாந்தான் அவுக்கணும்" என்றேன். "எனக்குக் கை வலிக்குது. போங்க."

குங்குமம் வைத்துத்தான் அனுப்பினோம். பூச்சூடிப் போனீர்கள். லயம் தாண்டி, கொழுந்து மலை தாண்டி உங்களைத் தூக்கிக்கொண்டு போகிற வழி நெடுக நான் மாரில் அடித்துக்கொண்டு அழுதேன். நாத்தனாருக்கு அண்ணிமேல் இத்தனை பாசமா என்று வேற்றுத் தோட்டத்துக்காரர்கள் வாயில் கை வைத்துப் பார்த்தார்கள்.

கோவித்துக்கொள்ளாதீர்கள் அண்ணி. அதில் பாதிதான் உங்களுக்கு. மீதி அண்ணனுக்கு. நீங்கள் அவனை ஒரு தடவைகூடச் சாகவிடவில்லை, அதனால் அவன் சாவு முழுசும் என் தலையில் விழுந்தது. உங்கள் பங்கையும் சேர்த்து நானே அழவேண்டியதாயிற்று. அன்றைக்கும் அது முடியவில்லை. மிச்ச அழுகையைச் சிரித்துக்கொண்டே வைத்திருக்கிறேன்.

உங்கள் நாத்தனார்,
செல்லாயி